முதியோர் இல்லத்தில் எல்லாரும் கையுறை போட்டிருக்கிறார்கள். அதை நம்பி அம்மாவைச் சேர்க்கலாமா?

தாம்பரம் பக்கம் ஓர் இல்லத்தில் ஆறு வருஷம் சிஸ்டராக இருந்தேன். கிளவுஸ் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், எப்போது கழற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

நான் சேர்ந்த புதிதில் பார்த்தது இது. டயாப்பர் மாற்றிய அக்கா, அதே கிளவுஸோடு பாட்டிக்குப் போர்வையை இழுத்துவிட்டார், சொம்பைத் திறந்து தண்ணீர் கொடுத்தார், பக்கத்துக் கட்டில் தாத்தாவின் யூரின் பேக்கையும் தூக்கிப் பார்த்தார். அவர் கை மட்டும் சுத்தம். வெறுங்கை என்றால் அருவருப்புக்காவது கழுவியிருப்பார்.

ஓர் ஆளுக்கு ஒரு ஜோடி. அதே ஆளுக்கே மலம் துடைத்த பிறகு சாப்பாடு ஊட்ட வேறு. கழற்றியதும் கை கழுவியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் படும். சோப்பு என்றால் 40 முதல் 60 வினாடி, சானிட்டைசர் என்றால் 20 முதல் 30. பேதி பரவுகிற நேரத்தில் சானிட்டைசரை நம்பாதீர்கள். பேதியைக் கிளப்பும் நோரோவைரஸ் கிருமிக்கு அது சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான்.

எங்களைக் கவிழ்த்தது சிரங்கு. அக்னி நட்சத்திர நேரம். ஒரு பாட்டி ராத்திரியெல்லாம் சொறிந்தார். வேர்க்குரு என்று பவுடர் போட்டோம். (ஆமாம், நானும்தான்.) விரலிடுக்கைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. முதல்முறை தொற்றினால் அரிப்பு தெரியவே இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் பரவிவிடும். டாக்டர் வந்து பார்த்தபோது பதினோரு பேருக்கு, இரண்டு அட்டெண்டர்களுக்கும். அரிப்பு இருக்கிறதோ இல்லையோ எல்லாரும் ஒரே நாளில் சிரங்குக்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூசினோம், ஒரு வாரம் கழித்து மறுபடியும். துணி, போர்வை எல்லாம் வெந்நீரில். அட்டெண்டர் வீட்டாரை விட்டிருந்தால் திரும்ப வந்திருக்கும்.

நீங்கள் போகும்போது வரவேற்பறையில் உட்காராமல் உள்ளே நடந்து பாருங்கள். அறைக்குப் பக்கத்தில் சின்க் இருக்கிறதா, சோப்பு ஈரமாக இருக்கிறதா? அப்படியே குப்பைக்கூடையையும் எட்டிப் பாருங்கள். இருபது பேர் படுத்திருக்கிற இடத்தில் மதியத்துக்குள் நாலே ஜோடி கிளவுஸ்தான் கிடக்கிறது என்றால், வேறு இடம் தேடுங்கள்.