சித்தியும் சாதனையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஆண்டுகளாக ஒரு குருவிடம் தியானம் பயில்கிறேன். பதற்றமும் கோபமும் குறைந்திருப்பது உண்மை. ஆனால் அவர் பிறர் மனத்தில் இருப்பதை அறிவார், நினைத்தால் தன் நாடித்துடிப்பையே நிறுத்துவார் என்று உடன் பயில்பவர்கள் சொல்கிறார்கள். ஒருமுறை, நான் யாரிடமும் சொல்லாத கவலை ஒன்றை அவர் என்னிடம் சொன்னார். இவற்றை நம்பாதவர்களுக்குப் பயிற்சி பலிக்காது என்கிறார்கள். என் அண்ணனோ, அவை பொய்யென்றால் தியானமும் பொய்தான் என்கிறார். நான் எதை ஏற்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சித்தி என்னும் அமானுஷ்ய ஆற்றலையும் சாதனை என்னும் அன்றாடப் பயிற்சியையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டு, ஒரு தரப்பு முழுதாக விழுங்கச் சொல்கிறது, இன்னொன்று முழுதாக வீசச் சொல்கிறது. முடிச்சை அவிழ்ப்பதுதான் முதல் வேலை.

நாடியைப் பற்றி ஐயத்துக்கு அதிக இடமில்லை. இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகிகளை இந்தியாவில் கருவிகளுடன் ஆராய்ந்து வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய மூவரும் 1961இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூச்சை அடைத்து மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, மணிக்கட்டில் நாடி மங்குகிறது. ஈசிஜியில் துடிப்பு நிற்காமல் தொடர்கிறது. நாடிபிடித்துப் பார்த்த சீடர் பொய் சொல்லவில்லை, அவர் விரலுக்கு எட்டியது அவ்வளவுதான்.

மனமறிதல் இதைவிடச் சிக்கலானது. தியானம் கற்க வருபவர்களின் கவலைகள் பெரும்பாலும் உடல்நலம், பணம், பிள்ளைகள், உறவில் விரிசல் என்ற சில வகைகளுக்குள் அடங்கிவிடும். பொதுவாகத் தொடங்கி, கேட்பவரின் முகம் மாறும் இடத்தில் சற்று நின்று, அங்கிருந்து மேலே செல்வது குறிசொல்பவர்களின் பழைய முறை. உங்கள் குரு ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பலரை நெடுங்காலம் கவனித்த ஒருவருக்கு இது தானறியாமலே கைகூடும். ஆனால் பொருந்தாமல் போன ஊகங்களை எவரும் நினைவில் வைப்பதில்லை. அவர் சொல்பவற்றை அன்றன்றே எழுதிவைத்துப் பாருங்கள்.

நம்பாவிட்டால் பலிக்காது என்பவர்கள் எந்த மரபைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. பதஞ்சலி யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் சித்திகளை விரிவாகச் சொல்லி, அதே பாதத்தில் அவை மனம் முற்றிலும் ஒன்றிய சமாதி நிலைக்கு இடையூறு என்கிறார். மதயானையை வசப்படுத்தலாம், நீர்மேல் நடக்கலாம் என்று அடுக்கிச் செல்லும் தாயுமானவர், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதே அரிது என்கிறார். இவர்கள் சித்திகளை மறுத்தவர்கள் அல்லர். சாதகன் அவற்றின் பின்னால் போகக்கூடாது என்றவர்கள். ஆனால் இந்த விலக்கே இன்று வசதியான கேடயமாகிவிட்டது: 'அவருக்கு ஆற்றல் உண்டு, காட்டமாட்டார்.' காட்டப்படாத ஆற்றலுக்கும் இல்லாத ஆற்றலுக்கும் வெளியே நிற்பவர் எப்படி வேறுபாடு காண்பது?

அண்ணனிடம் ஒன்றைச் சொல்லுங்கள். உடலில் வெப்பம் எழுப்பும் தும்மோ என்ற தியானத்தைச் செய்த திபெத்தியத் துறவிகளை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், அவர்களுடைய கைகால் விரல்களின் வெப்பம் 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்ததாக 1982இல் பதிவுசெய்தார். இதில் அமானுஷ்யம் ஏதுமில்லை, பயிற்சிக்கு உடல் இணங்குகிறது. உங்கள் கோபம் குறைந்ததும் இவ்வகைதான். அதற்கு எவருடைய சித்தியும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

குருவிடமே நேரடியாகக் கேளுங்கள். ஊகித்துச் சொன்னேன் என்பாரானால் தாராளமாக அவரிடம் தொடரலாம். கேட்டதே குற்றம் என்று அதட்டினால், மூச்சைக் கவனிக்கக் கற்றுத்தர வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.