சட்ட நிறுவனத்தின் இலவச முகாமால் தோட்டத் தொழிலாளருக்கு என்ன பயன்?

கேள்வி: கொழும்புச் சட்ட நிறுவனமொன்று எங்கள் தோட்டத்தில் இலவச ஆலோசனை முகாம் நடத்தப் போகிறதாம். வழக்கே இல்லாத நாங்கள் போய் என்ன செய்வது?

கட்டாயம் போங்கள். மலையகத்தில் பலருக்குத் தேவை நீதிமன்ற வாதம் இல்லை, கடதாசிகளைச் சரிசெய்வதுதான். ஹட்டனில் ஒரு முகாமில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தேன். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் ஷொப்பிங் பையை மேசையில் கவிழ்த்தார். அடையாள அட்டையில் 'அம்மா' என்று முடிந்த பெயர், ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் 'ஆயி' என்று முடிந்திருந்தது. அதனால் பணம் நின்றுபோயிருந்தது. வந்திருந்த சிங்களக் கடிதத்தை அவருக்கு யாரும் வாசித்துக்கூடச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது. இளம் சட்டத்தரணி ஒருவர் அங்கேயே, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியம் செய்து உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் சேவைக்காலப் பணம், அதாவது வேலையை விடும்போது தோட்ட நிர்வாகம் தரவேண்டிய பணிக்கொடை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். 25 வருடம் உழைத்தவருக்கு 350 நாள் சம்பளம் வரவேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

சம்பளச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். முகாம் ஒருநாளில் முடிந்துவிடும். அதனால், "பிறகு யாரிடம் பேசுவது?" என்று கேட்டு, பெயரையும் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். அவர்கள் தொடராவிட்டால், வருமானம் குறைந்தவர்களுக்காக 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.