1620-ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிச்சென்ற மேஃப்ளவர் கப்பலில் போன பிரிசில்லா மல்லின்ஸின் பூர்வீகத்தை எங்கிருந்து தேடுவது?

கணவர் ஜான் ஆல்டன் பெயரை வைத்துத் தேடினால் அவர் வம்சத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். பிரிசில்லாவின் அப்பா வில்லியம் மல்லின்ஸின் உயிலிலிருந்து ஆரம்பியுங்கள். இங்கிலாந்தில் சரே பகுதியின் டார்க்கிங் ஊர்க்காரர், காலணி வியாபாரி. 1620-ல் குடும்பத்தோடு கப்பலேறி, 1621-ல் அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்தில் சாகக் கிடந்தபோது வாயால் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

அதில் 21 டஜன் ஷூவுக்கும் 13 ஜோடி பூட்ஸுக்கும்கூடக் கணக்கு இருக்கிறது, பக்கா வியாபாரி! நமக்கு வேண்டியது பெயர்கள்: மனைவி ஆலிஸ், உடன் வந்த ஜோசப், பிரிசில்லா, ஊரிலேயே தங்கிவிட்ட மகன் வில்லியம், பெயர் சொல்லாத மூத்த மகள். அந்த மகள் சாரா பிளண்டன் என்பது உயிலை ஏற்ற நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. பிளண்டன் என்பது சாரா வாக்கப்பட்ட வீட்டுப் பெயர், அதைப் பிடித்தும் தேடலாம். முதல் குளிர்காலத்திலேயே அப்பா வில்லியமும் ஆலிஸும் ஜோசப்பும் இறந்ததை பிளிமத் ஆளுநர் பிராட்ஃபோர்டின் பயணிகள் பட்டியல் உறுதிசெய்கிறது.

அம்மா வழியில் மட்டும் உஷார். ஆலிஸின் பிறந்த வீட்டுப் பெயர் உயிலில் இல்லை. அவர்தான் பிரிசில்லாவைப் பெற்றவர் என்றும் அதில் சொல்லவில்லை. இணையத்து வம்சாவளிகளில் பெயரை நிரப்பியிருப்பார்கள். ஆதாரம் கேட்டால் இன்னொரு இணைய வம்சாவளியைத்தான் காட்டுவார்கள்.