உண்மையைத்தானே சொன்னேன்?

அன்புள்ள ஐயா,

நெருங்கிய நண்பர் ஒருவர் தன் திருமணம் முறியப்போவதை என்னிடம் மட்டும் சொன்னார். நான் அதை என் மனைவியிடம் சொன்னேன். எப்படியோ அது நண்பரின் பெற்றோர் வரை போய்விட்டது. இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. நான் உண்மையைத்தானே சொன்னேன், அதுவும் ஒரே ஒருவரிடம். கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு கூடாது அல்லவா? ஊழலை அம்பலப்படுத்துகிறவர்களைப் பாராட்டும் நாம் இதை மட்டும் ஏன் துரோகம் என்கிறோம்? அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

ம.

அன்புள்ள ம.,

சில நாட்களாக என் அக்காவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

ஊழலை இதில் இழுக்காதீர்கள். பொதுப்பணத்தைத் திருடியவன் மறைப்பது நம்முடைய சொத்தை. உங்கள் நண்பர் யாருடைய எதை மறைத்தார்? வெளிப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட இதில் கட்டுப்பாடு காத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாட்டர்கேட் ஊழலைத் துருவி எழுதிய பத்திரிகையாளர்கள் வுட்வர்டும் பெர்ன்ஸ்டீனும் தங்களுக்குத் துப்புக் கொடுத்தவர் யாரென்று 30 ஆண்டுகளுக்கு மேல் பொதுவில் வாய் திறக்கவில்லை. அமெரிக்க அதிபர் நிக்சன் 1974-இல் பதவி விலகிய பிறகும் சொல்லவில்லை. 2005-இல் மார்க் ஃபெல்ட் ‘அது நான்தான்’ என்று தானே வெளிப்பட்ட பிறகே உறுதிசெய்தார்கள்.

மனைவியிடம் ஒளிக்கக் கூடாது என்றால் உங்கள் ரகசியங்களைச் சொல்லுங்கள். நண்பருடையது உங்கள் குடும்பச் சொத்தில் சேராது.

‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்ற வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் உங்கள் நண்பர் மறுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து போயிருப்பார். உண்மை என்பதால்தான் அவருக்கு ஒதுங்கி நிற்க இடமில்லாமல் போயிற்று. 1215-இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும்போது, கேட்டதை வெளியே சொல்லும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, ஆயுள் முழுக்க மடத்தில் தவமிருக்க வைக்க வேண்டும் என்று விதித்தது. அவர் சொன்னது உண்மையா என்று அந்த விதி கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது?

ஒரே ஒருவரிடமாம்! நாலு பேருக்குள் முணுமுணுப்பாக நிற்கும் பேச்சைப் பழந்தமிழ் அம்பல் என்றது. ஊரறிய விரிந்துவிட்டால் அலர். மொட்டும் மலரும் போல. மொட்டோடு நின்றுவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் வாய் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் திறந்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அக்காவுக்கு மார்பில் கட்டி; பரிசோதனை முடிவு வந்துவிட்டது. என்னிடம் மட்டும் சொன்னாள். “ஒரு வாரம் பொறு, அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்” என்றாள். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் காலை, தனியாகச் சுமக்க முடியாமல் அம்மாவிடம் கொட்டிவிட்டேன். அன்பினால் செய்ததாகத்தான் நம்பினேன். அம்மா அழுதபடி அக்காவின் அறைக்கு ஓடினாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. களைப்புதான் இருந்தது. இரவு என்னிடம் சொன்னாள்: “அம்மா பயந்துவிடாதபடி எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேனடா.”

அவள் பிழைத்துக்கொண்டாள். என்னை மன்னித்தும்விட்டாள். ஆனால் யோசித்து வைத்திருந்த அந்த வார்த்தைகளைச் சொல்ல அவளுக்கு வாய்க்கவே இல்லை. அம்மா தேற்றப்பட வேண்டியவளாக அல்லாமல், ஏற்கெனவே உடைந்துபோனவளாக அவள் முன் வந்து நின்றாள். நோயின் முதல் மாதம் முழுக்க அக்கா அம்மாவைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் நண்பரும் தன் பெற்றோரிடம் சொல்ல ஏதாவது யோசித்து வைத்திருப்பார். அதை நினைத்துப் பார்த்தீர்களா?

மன்னிப்புக் கேட்கும் வழியைக் கேட்டிருந்தீர்கள். நேரில் போங்கள். உங்கள் மனைவியின் பெயரை எடுக்காதீர்கள்.