கருவேல நெற்றும் கல்லான புழுக்கையும்
தீவனத்தில் பாதி கருவேல நெற்று போட்டும் ஆடு தேறவில்லை, புழுக்கை கல்லாக விழுகிறது என்கிறீர்களே, அந்தப் பாதிதான் அதிகம். இப்போதைக்கு நிறுத்துங்கள்.

கருவேல நெற்றில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய. அது பெருவயிற்றில் (ஆட்டின் முதல் வயிறு) புரதத்தைப் பிடித்துக்கொண்டு, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் மந்தமாக்கிவிடும், அதனால் கூடவே போடும் கடலைப் பிண்ணாக்கின் சத்தும் ஓரளவு சாணத்தோடு போகலாம். கொஞ்சமாகத் தின்றால் இதே டானின் நல்லதுதான், புரதம் பெருவயிற்றில் கரையாமல் குடல்வரை போகும்.

ஒரு வாரம் கடலைக்கொடியும் தாராளமாகத் தண்ணீரும் கொடுங்கள். புழுக்கை இளகினால் காரணம் நெற்றுதான். அப்புறம் கைப்பிடியளவில் தொடங்கலாம். (சீமைக்கருவேல் நெற்று வேறு, இனிப்பு, டானின் குறைவு.)

இளகவில்லை என்றால் குடற்புழுவைப் பாருங்கள். அசை போடாமல் வயிறு உப்பினால் ஒரு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவர்.