பட்டனை அழுத்தினால் 'சாவி இல்லை' என்கிறது!

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருந்தோம் சார். ராத்திரி எந்தத் தொந்தரவும் இல்லாமல் பூட்டிவிட்டு வந்த கார், காலையில் ரிமோட்டை எத்தனை தடவை அமுக்கியும் திறக்கவில்லை. லாட்ஜ்காரர் ஒருவர் ரிமோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சாவியை உருவிக் கதவைத் திறந்தார், உடனே அலாரம் ஊரைக் கூட்டிவிட்டது. உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் 'சாவி இல்லை' என்று டிஸ்ப்ளேயில் வருகிறது. கடைசியில் அவரே ரிமோட்டால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார், வண்டி எடுத்துக்கொண்டது! செல் தீர்ந்த ரிமோட் எப்படி வேலை செய்தது? ஊருக்கு வந்ததும் ரிமோட் தானாகவே சரியாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா? – வாசகர், கோவை

பதில்: விட்டுவிடாதீர்கள், இன்றைக்கே செல்லை மாற்றுங்கள். ரிமோட் சரியாகவில்லை, கோவை வெயிலில் செல் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி காட்டுகிறது, அவ்வளவுதான். தீரும் நிலையில் இருக்கும் செல் குளிரில் முதலில் படுத்துவிடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் கார் ஒரு சின்ன அலையை விட்டு 'சாவி எங்கே?' என்று தேடும். அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ், காருக்குள்ளேயும் கதவுக்கு வெளியே சில அடி தூரத்துக்கும்தான் எட்டும். உங்கள் பையில் இருக்கும் ரிமோட் அதைக் கேட்டுவிட்டு, நம்மூர் வண்டிகளில் பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸில் ரகசிய எண்ணைப் பதிலாக அனுப்பும். இந்தப் பதிலை அனுப்பத்தான் செல் வேண்டும். செல் செத்தால் பதில் வராது, கார் 'சாவி இல்லை' என்று சொல்லிவிடும். ஆனால் அதே ரிமோட்டுக்குள் செல்லே தேவைப்படாத ஒரு சிப்பும் இருக்கிறது. ஒன்றிரண்டு அங்குலத்துக்குள் கொண்டுபோனால், கார் அனுப்பும் காந்தப்புலத்திலிருந்தே அதற்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும், அதை வைத்து எண்ணைச் சொல்லிவிடும். லாட்ஜ்காரர் செய்தது அதைத்தான். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கே வைக்க வேண்டும் என்பது மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். ஹூண்டாயில் ரிமோட்டாலேயே பட்டனை அழுத்த வேண்டும், டொயோட்டாவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிமோட்டின் லோகோ இருக்கும் பக்கத்தைப் பட்டனில் தொட வேண்டும், வேறு சில வண்டிகளில் கியருக்குப் பக்கத்திலோ ஸ்டியரிங் தண்டை ஒட்டியோ அதற்கென்று ஓர் இடம் இருக்கும். மேனுவலில் அந்தப் பக்கத்தை இப்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேனுவல் காருக்குள் இருக்கும், கார் பூட்டியிருக்கும். கதவில் சாவி துவாரமே இல்லையே என்று சிலர் தவிப்பார்கள். டிரைவர் பக்கக் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும், தேடுங்கள். அலாரத்துக்குப் பயப்பட வேண்டாம், உள்ளே போய் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நின்றுவிடும்.

செல் வாங்கும்போது பழையதன் முதுகில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். நிறைய வண்டிகளில் சிஆர்2032. அதாவது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கடைக்காரர் '2025 இருக்கு, அதுவும் ஓடும்' என்பார். அது 2.5 மில்லிமீட்டர்தான், உள்ளே லூஸாக ஆடி ஒரு நாள் வேலை செய்யும் ஒரு நாள் செய்யாது.

கேள்வி: ரிமோட்டுக்குப் புதுச் செல் போட்டும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் டக் டக் டக் என்று சத்தம், டாஷ்போர்டு விளக்கெல்லாம் மினுக்குகிறது. ஒரு சர்வீஸ் சென்டரில் 'சாவி போய்விட்டது, புதுசு போட்டு கோடிங் செய்ய வேண்டும்' என்று பெரிய தொகை சொல்கிறார்கள். – வாசகி, நாமக்கல்

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள்! இந்தப் பகுதிக்கு 'சாவிக் கோளாறு' என்று வரும் கடிதங்களில் பலவற்றில் வில்லன் சாவி இல்லை, பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. சாவியை அடையாளம் கண்டால்தான் கார் செல்ஃப் மோட்டாருக்கே கரண்ட் விடும். டக் டக் சத்தம் வருகிறதென்றால் சாவியை ஏற்றுக்கொண்டாகிவிட்டது, மோட்டாரைச் சுற்றத்தான் பேட்டரியில் தெம்பு இல்லை. பேட்டரி இன்னும் வீக்கானால் ரிமோட்டைத் தேடும் சர்க்யூட்டே சரியாக வேலை செய்யாது, அப்போதும் 'சாவி இல்லை' என்றே காட்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

ஒரு சின்ன சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். லைட் சட்டென்று மங்கினால் கோளாறு பேட்டரியில், அல்லது அதில் ஒயர் மாட்டியிருக்கும் டெர்மினலில். பானெட்டைத் திறந்து பாருங்கள், டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். கிளாம்பைக் கையால் அசைத்தால் ஆடவே கூடாது. எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். நம்மூர் வெயிலுக்குப் பேட்டரி மூன்று நான்கு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம்.

அவசரத்துக்கு இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் போடலாம். சிவப்பு இரண்டு முனையும் பேட்டரிகளின் பாசிட்டிவில், கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை நின்றுபோன வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். நேராகப் பேட்டரியிலேயே மாட்டினால் தீப்பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக் வண்டியை மட்டும் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். எத்தனை பேர் தள்ளினாலும் எடுக்காது.

கேள்வி: ரிமோட்டை பாக்கெட்டில் வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. கியருக்கு முன்னால் போன் பக்கத்தில் வைத்தால் ஆகவில்லை. ராசியா? – வாசகர், மதுரை

பதில்: ராசி இல்லை, அங்கே வயர்லெஸ் சார்ஜர் இருக்கிறதா பாருங்கள். அந்த சார்ஜர் இயங்கும் அதிர்வெண்ணும் கார் சாவியைத் தேடும் 125 கிலோஹெர்ட்ஸும் கிட்டத்தட்ட ஒரே வட்டாரம். சார்ஜர் போடும் இரைச்சலில் ரிமோட்டுக்குக் காரின் குரல் கேட்காது. சிகரெட் லைட்டரில் சொருகும் மட்டமான சார்ஜர், டேஷ்கேம் ஒயர், லேப்டாப் பை, ஸ்டீல் டிபன் பாக்ஸ் இவற்றை ஒட்டி வைத்தாலும் இந்தச் சிக்கல் வரலாம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு தடவை முயன்று பாருங்கள்.

கேள்வி: ரிமோட் சரி, பேட்டரியும் புதுசு. ஆனால் அடிக்கடி 'பிரேக்கை மிதி' என்றே காட்டுகிறது, மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்! – வாசகர், தஞ்சாவூர்

பதில்: வண்டி நின்றபிறகு குழந்தைகள் பெடலை மிதித்து விளையாடினார்களா? எஞ்சின் ஓடாதபோது நாலைந்து தடவை மிதித்தால் பெடலை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரில் இருந்த வேக்யூம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அப்போது லேசாக மிதித்தால் சுவிட்சுக்கு எட்டாது, காலை நன்றாக ஊன்றி மிதித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பின்னால் ஒருவரை நிற்க வைத்து பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். எரியவில்லையென்றால் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சோ பியூஸோ போயிருக்கும். சின்னச் செலவுதான், ஆனால் தள்ளிப்போடாதீர்கள், பிரேக் லைட் இல்லாத வண்டியின் பின்னால் வருகிறவரின் கதியை நினைத்துப் பாருங்கள்.

லைட்டும் எரிந்து, ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருந்தால் அதை இடம் வலமாக லேசாக ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். லாக்கின் ஊசி இறுகிப் பிடித்திருந்தாலும் எஞ்சின் எடுக்காது.

கேள்வி: ரிமோட் செல் ஆறு மாதம்கூட வருவதில்லை. சாவியை வாசல் பக்கத்து ஆணியில்தான் மாட்டுகிறோம். – வாசகி, சேலம்

பதில்: போர்ட்டிகோவில் கார், சுவருக்கு இந்தப் பக்கம் ரிமோட் என்றால் சில வண்டிகளில் இரண்டும் விடிய விடியப் பேசிக்கொண்டே இருக்கும். செல்லும் தீரும், கார் பேட்டரியும் கொஞ்சம் இறங்கும். ஆணியை உள் அறைக்கு மாற்றுங்கள். மாற்றிப் போட்ட பழைய செல்லை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரித்துப் புண்ணாக்கிவிடும், அது காலி செல்லாக இருந்தாலும்தான். சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கேள்வி: வீட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் இறங்கினார், ரிமோட் அவர் சட்டைப்பையில். வண்டி ஏதோ கத்தியது, ஆனால் ஓடியது. பிள்ளையின் பள்ளி வாசலில் அணைத்தேன், அதோடு சரி! சாவி இல்லாமல் அதுவரை எப்படி ஓடியது? – வாசகி, திருச்சி

பதில்: ஓடும் வண்டியில் ரிமோட் காணோம் என்பதற்காக கார் எஞ்சினை நிறுத்தாது, பாலத்தின் மேல் நின்றால் என்ன ஆவது? அதனால் கத்தி மட்டும் சொல்லும். அந்தக் கத்தல்தான் 'அணைத்துவிடாதே, திரும்பிப் போ' என்ற எச்சரிக்கை. அணைத்தபிறகு எந்த மெக்கானிக் வந்தும் பயனில்லை, உங்கள் வீட்டுக்காரர் ரிமோட்டை யாரிடமாவது ஆட்டோவில் கொடுத்தனுப்பினால்தான் உண்டு. இரண்டாவது ரிமோட்டை உங்கள் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொள்ளுங்கள். பீரோவில் சும்மா கிடந்திருக்கும், அதற்கும் செல்லை மாற்றிவிட்டுப் போடுங்கள்.