வரப்போகும் கேம் பட்டியலை வைத்து விற்பனையைக் கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும், ஆனால் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. அந்த கேம்கள் ஓடும் கன்சோல் (கேம் விளையாடுவதற்கென்றே உள்ள கருவி) எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ யூ கன்சோல் மொத்தமே சுமார் 1.35 கோடிதான் விற்றது. 2014-இல் அதில் வந்த மரியோ கார்ட் 8 ஏறத்தாழ 84 லட்சம் போனது, அதாவது கன்சோல் வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வாங்கிவிட்டார்கள், அதற்கு மேல் விற்க அதிகம் ஆள் இல்லை. அதே கேம் கொஞ்சம் மெருகேற்றப்பட்டு 2017-இல் நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சுக்கு வந்தபோது 6 கோடியைத் தாண்டியது. கேம் பெரிதாக மாறவில்லை, வாங்கக்கூடியவர்களின் கூட்டம்தான் மாறியது.

அப்புறம், பழைய தொடரின் அடுத்த பாகம் என்றால் முந்தைய பாகத்தின் விற்பனையை வைத்து ஒரு கணக்குப் போடலாம். புதுப் பெயர் என்றால் அதுவும் கிடையாது. 2015-இல் ஸ்பிளாட்டூன் என்ற கேம் முற்றிலும் புதிதாக, அதுவும் அந்தச் சின்ன வீ யூ கூட்டத்துக்குள்ளேயே வந்து, கிட்டத்தட்ட 50 லட்சம் விற்றது. அதனால் புதுசு என்றாலே ஓடாது என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

வெளியீட்டுத் தேதியும் முக்கியம். டிசம்பர் விடுமுறைக்கு முன் வந்தால் பரிசாக வாங்குவோர் சேர்வார்கள், ஆனால் அதே வாரம் பெரிய கேம் ஒன்று மோதினால் நல்ல கேமும் அடிபடும். டிரெய்லருக்கு எத்தனை பார்வை என்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, பார்ப்பவர்கள் எல்லாம் வாங்குவதில்லை.